அளவு மீறிய பெருமிதம் நோயின் அறிகுறியாகும்போது: வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

பெரும்பாலும் இது நல்ல செய்தி போலத்தான் வீட்டுக்குள் வரும். துணிக்கடையில் கணக்கெழுதும் முப்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அதிகம் பேசாதவர். திடீரென்று அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, ஏற்றுமதித் தொழிலுக்கு நோட்டுப் புத்தகம் நிறையத் திட்டம் எழுதுகிறார். முகத்தில் களை, எல்லோரிடமும் கலகலப்பு. ‘இப்பதான் புள்ளைக்குப் பொறுப்பு வந்திருக்கு’ என்று அம்மா மகிழ்கிறார். அடுத்த வாரம் வேலையை விட்டுவிடுகிறார். மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. மூன்றாவது வாரம், முதலமைச்சர் தன்னைச் சந்திக்கக் காத்திருப்பதாகவும், டிவியில் செய்தி வாசிப்பவர் தனக்குச் சைகை காட்டுவதாகவும் சொல்கிறார். குடும்பங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் சங்கிலியும் வேலையும் தப்பியிருக்கும்.

மனநல மருத்துவர்கள் இதை ‘கிராண்டியோசிட்டி’ என்பார்கள். இங்கே மிகைப்பெருமிதம் என்று சொல்வோம். தன் திறமை, அதிகாரம், செல்வம், தெய்வத்தோடு தனக்குள்ள உறவு என ஏதோ ஒன்றைப் பற்றி, உண்மை நிலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயர்ந்த எண்ணம் கொள்வது அது. தனி நோய் கிடையாது. காய்ச்சல் எப்படியோ அப்படி, ஓர் அறிகுறி. டெங்குவிலும் காய்ச்சல் வரும், டைஃபாய்டிலும் வரும்; வைத்தியம் வேறு வேறு. இதுவும் அப்படித்தான்.

இதைக் கண்டுகொள்வதில் பலரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்: பேச்சு எவ்வளவு பெரிது என்று அளக்கிறார்கள். பெரிதாகப் பேசும் ஆரோக்கியமானவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. அளக்க வேண்டியது அந்த மனிதரிடம் வந்த மாற்றத்தை. எந்தத் தேதியிலிருந்து இப்படி? இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: எந்தப் படிக்கட்டில் நிற்கிறார் என்று பாருங்கள்

மிகைப்பெருமிதம் ஒரே நாளில் உச்சிக்குப் போவது அரிது, படிப்படியாக ஏறும். உற்சாகமோ எரிச்சலோ, கூடவே சுறுசுறுப்பும், எல்லை மீறிப் போகும் நிலைக்கு மேனியா என்று பெயர். அதன் கடுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் யங் அளவுகோல் 1978-இல் வெளியானது. அதில் 11 கேள்விகள், மொத்தம் 60 மதிப்பெண். எண்ணங்களின் உள்ளடக்கத்துக்கு மட்டும் 0 முதல் 8 வரை. அந்த ஏணியை வீட்டாரும் புரிந்துகொள்ளலாம்.

2 மதிப்பெண் என்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சந்தேகப்பட வைக்கும் திட்டங்களும் புதுப்புது ஆர்வங்களும். இரண்டு லட்ச ரூபாயில் ஹோட்டல் தொடங்குகிறேன், கூடவே கிதார் கற்கிறேன், ஜப்பானிய மொழியும் படிக்கிறேன் என்பது. 4 என்பது ‘சிறப்புப் பணி’ வந்துவிட்ட நிலை, அல்லது இதுவரை இல்லாத அதீத பக்தி. 6-க்கு வரும்போது தன்னைப் பற்றிய எண்ணம் தெளிவாகவே உண்மையை விட்டு விலகியிருக்கும். அல்லது சாலையில் போகிறவர்களும் டிவியும் தன்னையே குறிப்பதாகத் தோன்றும். 8 என்பது பிறழ்நம்பிக்கை, அதாவது என்ன ஆதாரம் காட்டினாலும் அசைக்க முடியாத பொய்யான நம்பிக்கை, அல்லது காதில் குரல் கேட்பது.

மதிப்பெண் போடுவது மருத்துவரின் வேலை. உங்களுக்கு இந்த ஏணியின் பயன் வேறு: 2-இல் இருந்தவர் நான்கு நாளில் 4-க்கு ஏறிவிட்டால், 8-க்குக் காத்திருக்கக் கூடாது. 2-இலும் 4-இலும் அவருக்கு நீங்கள் சொல்வது காதில் ஏறும், மருத்துவரிடம் வரச் சம்மதிக்க வாய்ப்பு உண்டு. 6-ஐத் தாண்டிவிட்டால் ‘எனக்கு எந்த நோயும் இல்லை, உங்களுக்குத்தான் பொறாமை’ என்பதே பதிலாக வரும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனக்கு நோய் இருப்பதை உணர முடியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான்.

எண்ணம் இறுகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சவாலாக இல்லாமல், அக்கறையோடு கேளுங்கள்: ‘இது சரியா வராமப் போக வாய்ப்பிருக்கா?’ கனவு காண்பவர் கொஞ்சம் யோசிப்பார், ‘வரலாம், ஆனா...’ என்பார். பிறழ்நம்பிக்கைக்குள் இருப்பவருக்கு அந்தக் கேள்வியே புரியாது, அல்லது கோபம் வரும்.

படி 2: இன்றே ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவரிடம் போய் ‘ரொம்ப நாளா ஒரு மாதிரியா இருக்காருங்க’ என்று சொன்னால் அவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: படுத்த நேரமும் எழுந்த நேரமும், செலவு செய்த தொகை, புதிதாகச் சொன்ன திட்டம் அல்லது வாக்கு, சண்டை அல்லது ஆபத்து. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘ஏதேதோ உளறினார்’ என்பதைவிட ‘செவ்வாய் இரவு 1 மணி: நான் தொட்டா வியாதி போயிடும்னு சொன்னார்’ என்ற ஒரு வரி மருத்துவருக்குப் பல மடங்கு உதவும்.

முதல் பத்திதான் உயிர்நாடி. இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராமல் தவிப்பவர் காலையில் களைத்திருப்பார், அலுத்துக்கொள்வார். மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கம் தேவைப்படுவதே குறைந்துவிடும். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, எட்டு மணி நேரம் தூங்கியவரைப் போலச் சுறுசுறுப்பாக இருப்பார். பெருமிதப் பேச்சும் இந்த வகைத் தூக்கக் குறைவும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் தெரியும்வரை அதை மேனியா என்றே கருதி நடக்க வேண்டும்.

அமெரிக்க மனநலச் சங்கத்தின் வரையறைப்படி, உற்சாகமோ எரிச்சலோ மிகுந்த மனநிலையும் கூடிய சுறுசுறுப்பும் ஒரு வாரம், நாளின் பெரும்பகுதி நீடித்தால் அது மேனியா. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் இந்த ஒரு வாரக் கணக்கும் தேவையில்லை. மிகைப்பெருமிதம், தூக்கத் தேவை குறைதல், ஓயாத பேச்சு, எண்ணங்கள் தாவி ஓடுதல், கவனச் சிதறல், மிதமிஞ்சிய செயல்பாடு, விளைவை நினைக்காத காரியங்கள் ஆகிய ஏழில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வெறும் எரிச்சல் மட்டும் இருப்பவருக்கு நான்கு. இதே அறிகுறிகள் மிதமாக, தொடர்ந்து நான்கு நாள் இருந்து, வேலையும் குடும்பமும் உடையாமல் இருந்தால் அது ஹைப்போமேனியா. நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தால் இந்தக் கணக்கை மருத்துவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

படி 3: பின்னால் இருப்பது எது?

அதிகம் காணப்படுவது இருதுருவ மனநோய், அதாவது பைபோலார். மேலே சொன்ன மேனியா அதன் ஒரு முனை. மறுமுனை ஆழ்ந்த மனச்சோர்வு. வழக்கமாகப் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்கும். பலருக்கு முதலில் வருவது சோர்வுதான். சோர்வு வந்தபோது மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டு, நடுவில் வந்த ‘நல்ல’ மூன்று வாரங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதால் வெறும் மனச்சோர்வு மாத்திரை கொடுக்கப்பட்டு, அதுவே மேனியாவைக் கிளப்பிவிடுவதும் நடக்கிறது. ‘இதுக்கு முன்னாடி எப்பவாவது ரொம்ப உற்சாகமா, தூங்காம இருந்தாரா?’ என்று மருத்துவர் கேட்கவில்லை என்றாலும் நீங்கள் சொல்லுங்கள்.

மனச்சிதைவு நோயிலும் மிகைப்பெருமிதம் வரும். அங்கே உற்சாகம் பொங்குவதில்லை. ‘உலகத்தை நடத்துவதே நான்தான்’ என்று முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், குளிக்காத உடம்போடு சொல்வார். குரல்கள் கேட்கும், பேச்சு தொடர்பறும், மாதக்கணக்காக ஆட்களிடமிருந்து விலகியிருப்பார். பிறழ்நம்பிக்கைக் கோளாறு என்று இன்னொன்று உண்டு. வேலை, குளியல், சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஒரே ஒரு நம்பிக்கை மட்டும், உதாரணமாகத் தான் கண்டுபிடித்த கருவியை அரசாங்கம் திருடிவிட்டது என்பது, ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் நிற்கும்.

தன்மோக ஆளுமையோடு, அதாவது தன்னையே பெரிதாக எண்ணும் நிரந்தரச் சுபாவத்தோடு, குழப்பிக்கொள்வது மிக அதிகம். அவர்கள் இருபது வயதிலிருந்தே அப்படித்தான் இருப்பார்கள். நன்றாகத் தூங்குவார்கள். பாராட்டு வேண்டும், பிறர் வலி தெரியாது, விமர்சனம் வந்தால் சுருங்கியோ சீறியோ போவார்கள். தொடங்கிய தேதி என்று ஒன்று இருக்காது. அதற்கு நேரடியான மாத்திரை கிடையாது, நீண்ட உளச்சிகிச்சைதான். மேனியாவில் இருக்கும் கணவரை ‘சுயநலக்காரர், அகங்காரி’ என்று முடிவுகட்டி மனைவி பிரிந்து போவதும், சிகிச்சைக்குப் பின் பழைய மனிதர் திரும்பி வந்து நிற்பதும் இந்தக் குழப்பத்தால் நேர்வதே.

நம் ஊரில் இன்னொரு கேள்வி கட்டாயம் எழும்: சாமி வருவது? கோயில் கொடையில் உடுக்கைச் சத்தத்துக்கு அருள் வந்து ஆடுபவர், ‘நான் மாரியாத்தா’ என்றுதான் சொல்கிறார். அது நோயில்லை. அந்த நேரத்தில், அந்த இடத்தில் அது வருவதை ஊரே எதிர்பார்க்கிறது. திருநீறு பூசித் தண்ணீர் கொடுத்ததும் இறங்குகிறது. மறுநாள் அவர் வழக்கம்போல வயலுக்குப் போகிறார். ஒருவர் அருள் வாக்கு சொல்வதை அதே கோயிலில் பல வருடமாகச் சாமி ஆடுபவர்களே ‘இது வேற மாதிரி இருக்கு’ என்று சொன்னால், அருள் இறங்காமல் நாள்கணக்கில் நின்றால், தூக்கமும் சாப்பாடும் போனால், அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம்பிக்கையைக் குறை சொல்லத் தேவையே இல்லை. கோயிலுக்கும் போகலாம், சிகிச்சையும் நடக்கலாம்.

ஒன்றை மட்டும் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் தாய் தூங்காமல், படபடவென்று பேசி, ‘இது தெய்வக் குழந்தை, இதை வைத்து நான் உலகத்தைக் காப்பாற்றணும்’ என்றோ ‘இது என் குழந்தையே இல்லை’ என்றோ சொன்னால், அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். குழந்தையோடு அவரைத் தனியாக ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. ஏற்கெனவே பைபோலார் உள்ள பெண்ணுக்கு இந்த ஆபத்து மிக அதிகம் என்பதால், கர்ப்பத்தின்போதே மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும்.

படி 4: உடம்பைப் பரிசோதிக்காமல் விடாதீர்கள்

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக மிகைப்பெருமிதம் வந்தால், வேறு காரணம் கிடைக்கும்வரை மூளையையும் உடம்பையும் சந்தேகிப்பதே சரி. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய் ஒன்று பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் இடையில் தொடங்குகிறது. அதில் ஞாபகம் முதலில் போவதில்லை. கூச்சம் போகிறது, இரக்கம் போகிறது, இனிப்பு மேல் வெறி வருகிறது. ‘வயசான காலத்துல புத்தி மாறிப்போச்சு’ என்று திட்டுவாங்கும் பெரியவர்களில் சிலருக்கு இருப்பது இதுதான்.

மருந்துகளைப் பாருங்கள். ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மிக முக்கியமான சந்தேகப் பொருள். 1972-இல் வந்த பாஸ்டன் ஆய்வில், நாளுக்கு 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு ஏற்பட்டது, 80 மி.கி.க்கு மேல் போனவர்களில் 18.4 சதவீதம். ஸ்டீராய்டைச் சட்டென்று நீங்களே நிறுத்தவும் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. கொடுத்த மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள். மனச்சோர்வு மாத்திரை, கஞ்சா, மெத்தாம்ஃபெட்டமின், கோக்கைன் ஆகியவையும் பட்டியலில் உண்டு. நாட்டு மருந்து, ஜிம்மில் தரும் ஊசி, எடை குறைக்கும் பொடி எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் ஞாபகத்தை நம்பாதீர்கள்.

பொதுவாகக் கேட்கப்படும் ரத்தப் பரிசோதனைகள்: தைராய்டு, சர்க்கரை, சோடியம், சிறுநீரகமும் கல்லீரலும், ரத்த அணுக்கள், எச்ஐவி, விடிஆர்எல். கடைசியாகச் சொன்னது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கானது. தன்னைக் கோடீஸ்வரன், சக்கரவர்த்தி என்று நம்பும் நோயாளிகள் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்தார்கள். அவர்களின் மூளையில் சிபிலிஸ் கிருமி இருப்பதை நோகுச்சியும் மூரும் 1913-இல் காட்டினார்கள். தொற்று ஏற்பட்டுப் பத்து, இருபது வருடம் கழித்து வரும் அந்த நிலை இன்று அரிது. ஆனால் பென்சிலினுக்குக் கட்டுப்படும் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்பதால்தான் அந்தப் பரிசோதனை. வலிப்பு, புதிய தலைவலி, கைகால் பலவீனம், தலையில் அடிபட்டது, வயது ஐம்பதுக்கு மேல் என்றால் மூளை ஸ்கேனும் வேண்டும்.

படி 5: அவரிடம் எப்படிப் பேசுவது

வாதாடாதீர்கள், ஆமோதிக்கவும் செய்யாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாதை இருக்கிறது. ஆதாரம் காட்டி ‘நீ ஒன்றும் பெரிய ஆளில்லை’ என்று நிரூபிக்கப் போனால், நம்பிக்கை இன்னும் இறுகும், நீங்கள் எதிரியாவீர்கள். ‘ஆமாம், நீதான் முருகன்’ என்று ஒத்து ஊதினால் நாளைக்கு அவர் அதையே சாட்சியாக வைப்பார்.

உண்மையாகவே இருக்கும் ஒரு கஷ்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் தூக்கம். தம்பி அண்ணனிடம் இப்படிப் பேசலாம்:

‘அண்ணா, உங்க திட்டத்தப் பத்தி அப்புறம் பேசுவோம். நாலு நாளா நீங்க தூங்கவே இல்ல, கண்ணு செவந்து கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு. தூக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?’

‘எனக்கு ஒண்ணும் இல்லடா.’

‘இருக்காதுதான். எனக்காக ஒரு தடவ வாங்கண்ணா. நானே கூட இருக்கேன்.’

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘கல்யாணத்துக்குப் போறோம்’ என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால், இந்த முறை காரியம் நடக்கும், அடுத்த முறை உங்கள் காரில் அவர் ஏற மாட்டார். சாப்பாட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் அப்படியே. சாம்பாரில் ஏதோ இருக்கிறது என்று ஒருநாள் தெரிந்துவிட்டால், வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார். அளவும் உங்கள் கையில் இருக்காது.

வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். அவர் மதிக்கும் ஒருவர், மெதுவான குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசட்டும். டிவியை அணையுங்கள், உறவினர் கூட்டத்தைக் குறையுங்கள், விளக்கை மங்க வையுங்கள், மாலைக்கு மேல் காபி டீ வேண்டாம். சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் மேனியாவுக்கு எரிகிற அடுப்பில் எண்ணெய் போல. எதிர்ப்பேச்சு கேட்டால் பொங்கி வழியும் சந்தோஷம் ஒரு நொடியில் கோபமாகத் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேசும்போது கதவுப் பக்கம் உங்களுக்கு வழி இருக்கட்டும், அவரையும் மூலையில் நிறுத்திவிடாதீர்கள்.

படி 6: பணம், பத்திரம், சாவி, செல்போன்

உடம்பு மூன்று வாரத்தில் தேறிவிடும். கடன் பத்து வருடம் இருக்கும். அதனால் முதல் நாளே கவனிக்க வேண்டியது இது. வங்கிச் செயலியில் யுபிஐக்கும் கார்டுக்கும் தினசரி வரம்பைக் குறைக்க முடியும். அவர் ஓரளவு நிதானமாக இருக்கும் வேளையில், ‘ஒரு மாசத்துக்கு மட்டும்’ என்று கேட்டு, அவர் கையாலேயே செய்ய வைப்பது நல்லது. வீட்டுப் பத்திரம், பட்டா, நகை, காசோலைப் புத்தகம் ஆகியவை நம்பகமான உறவினர் வீட்டுக்கோ லாக்கருக்கோ போகட்டும். ‘யாராவது ஒருவர்’ எடுக்கும் கூட்டுக் கணக்காக இருந்தால், இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் முறைக்கு மாற்றுவதை அவர் நலமான பின் பேசி முடிவு செய்யுங்கள். கடன் செயலிகள், சீட்டு, ஆன்லைன் பங்கு வர்த்தகம், சூதாட்டச் செயலிகள் நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். பைக், கார் சாவி மறைவாக இருக்கட்டும். தனக்குச் சாவே கிடையாது என்று நம்புபவர் ஓட்டும் வேகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரவு இரண்டு மணிக்கு முதலாளிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி வேலையைப் பறித்துவிடும். அலுவலகத்தில் ஒருவரிடம் ‘உடம்பு சரியில்லை, விடுப்பு வேண்டும்’ என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

எதையாவது விற்றுவிட்டாலோ கையெழுத்திட்டுவிட்டாலோ உடனே மனம் தளர வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 12-ஆம் பிரிவு, வழக்கமாகத் தெளிந்த மனதோடு இருப்பவரும் மனம் தெளிவிழந்த நேரத்தில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்கிறது. அந்தத் தேதியில் அவர் நோயில் இருந்தார் என்பதற்கு மருத்துவக் குறிப்புகள் வேண்டும். உங்கள் நாற்பது பக்க நோட்டும் அப்போது உதவும். வழக்கறிஞரைச் சீக்கிரம் பாருங்கள்.

படி 7: எப்போது அவசரம், சட்டம் என்ன சொல்கிறது

இரண்டு இரவு துளியும் தூங்கவில்லை, சாப்பாடு தண்ணீர் இல்லை, மாடியிலிருந்து பறப்பேன், தீயில் நடப்பேன் என்கிறார், குரல்கள் கட்டளையிடுகின்றன, கையில் ஆயுதம், அல்லது சாகப் போவதாகப் பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ். வன்முறை ஆபத்து இருந்தால் 112. ஆலோசனைக்கு 24 மணி நேரமும் டெலி-மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, ஆம்புலன்ஸுக்கு 1990. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருக்கும் போகலாம்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சேரச் சம்மதிப்பவர் தானே சேரலாம். சம்மதிக்க முடியாத நிலையில் இருப்பவரை 89-ஆம் பிரிவின்படி, அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து 30 நாள் வரை சேர்க்கலாம். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கும் நிலை இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும். யாரையும் பிரதிநிதியாக அவர் நியமித்திருக்காவிட்டால் உறவினர் அந்த இடத்தில் நிற்கலாம்.

சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் 95-ஆம் பிரிவில் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். வேண்டுதலுக்காக எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போங்கள். கட்டிப்போடும் இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

படி 8: சிகிச்சை தொடங்கிய பிறகு

தேறுவதில் ஒரு வரிசை உண்டு. தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். முதலில் தூக்கம் திரும்பும், சில நாட்களில். பிறகு ஓட்டமும் பேச்சும் அடங்கும். எண்ணம் கடைசியாகத்தான் கரையும். நன்றாகத் தூங்கிச் சாப்பிடும் ஒருவர் பத்தாவது நாளும் ‘முதலமைச்சர் கூப்பிடுவார்’ என்று சொன்னால், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

கடும் நிலையில் ஓலன்சபின், ரிஸ்பெரிடோன், க்வெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் முதலில் வரும். கூடவே மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் அல்லது வால்ப்ரோயேட். மனச்சோர்வு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவர் பொதுவாக நிறுத்திவிடுவார். மாத்திரைக்கு அடங்காத கடும் மேனியாவுக்கு மின்னதிர்வுச் சிகிச்சை உண்டு. மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் உண்டாக்கக்கூடியது என்பதால், குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு அது எழுதப்பட்டால் மாற்று உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்கு அதைப் பயன்படுத்திக் காட்டினார். இன்றும் பைபோலாருக்கு மிகச் சிறந்த மருந்துகளில் அது ஒன்று. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. கடும் மேனியாவில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.8 முதல் 1.2 மில்லிமோல் வரை, பிறகு பராமரிக்க 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. தொடங்கியோ அளவை மாற்றியோ ஐந்து முதல் ஏழு நாளில் ரத்தம் எடுக்க வேண்டும். கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து எடுங்கள். இரவு 9-க்குப் போட்டால் காலை 9-க்கு ரத்தம் கொடுத்துவிட்டு, காலை மாத்திரையைப் பிறகு போட வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும், அதை நம்பி மருந்தைக் குறைப்பார்கள். தைராய்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் தேங்கும். சித்திரை வெயிலில் வியர்வை கொட்டும் வேலை, வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், ரத்தக்கொதிப்புக்காக உப்பைத் திடீரென நிறுத்துவது எல்லாமே ஆபத்து. மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வேண்டாம்; வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் அளவைக் கூட்டும் என்பதால், வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் ‘லித்தியம் சாப்பிடறேன்’ என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பெரும்பாலான மறு தாக்குதல்கள் ஒரே வழியில் வருகின்றன: நான்கு மாதம் நன்றாக இருந்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது. நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பது அப்போது தோன்றாது. தவிர, மேனியா சுகமானது. அந்த உயரத்தை இழந்த ஏக்கமும் உண்டு. அதைக் கேலி செய்யாமல் காதுகொடுத்துக் கேளுங்கள், மருத்துவரிடமும் வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள். மந்தம், எடை கூடுதல் போன்ற பக்கவிளைவுகளுக்காக மருந்தை மாற்றலாம், அளவைத் திருத்தலாம். சட்டென்று நிறுத்துவது, குறிப்பாக லித்தியத்தை, உடனே இன்னொரு மேனியாவை அழைத்து வரும். ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்பதும் அதே வகைத் தவறு: திருமண வீட்டின் தூக்கமில்லா இரவுகளே போதும், நோய் திரும்ப.

படி 9: இறங்கி வந்த பின்

சக்கரவர்த்தியாக இருந்தவர் ஒரு காலையில் கடன்காரராகக் கண் விழிக்கிறார். என்னென்ன பேசினோம், யாரைத் திட்டினோம் என்று துண்டு துண்டாக ஞாபகம் வருகிறது. பலருக்கு மேனியாவுக்கு அடுத்து மனச்சோர்வு வரும். தற்கொலை ஆபத்து அப்போது நிஜம். ‘அமைதியாயிட்டார்’ என்று வீட்டார் மூச்சு விடும் அந்த வாரங்களில்தான் கூடவே இருக்க வேண்டும். கடன் பட்டியலை முதல் நாளே நீட்டாதீர்கள். வீடியோ எடுத்து வைத்திருந்தால் அதைக் காட்டி வெட்கப்பட வைக்காதீர்கள். மாத்திரை டப்பாவை நீங்கள் வைத்துக்கொண்டு தினமும் எடுத்துக் கொடுங்கள். சாகலாம் போலிருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

இரண்டு மூன்று மாதத்தில் மனம் நிலைத்ததும், அவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். முதல் பகுதி: அவருடைய முதல் அறிகுறி எது. ஒவ்வொருவருக்கும் அது வேறு. ஒருவர் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடத் தொடங்குவார், ஒருவர் அடர்நிறச் சட்டைகளாக வாங்குவார், ஒருவர் நான்கு மணிக்கே எழுந்து வீட்டைக் கழுவுவார். இரண்டாம் பகுதி: தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் யார் மருத்துவரை அழைப்பது, கார்டை யாரிடம் கொடுப்பது. மூன்றாம் பகுதி: தூக்கத்தைக் கெடுக்கும் வேலைகளுக்கு என்ன மாற்று, இரவு ஷிஃப்டா, திருவிழாவின் விடிய விடியக் கண்விழிப்பா, நேர வித்தியாசமுள்ள வெளிநாட்டுப் பயணமா, எதுவானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுவது.

இதைச் சட்டப்படியும் எழுதி வைக்க முடியும். 2017 சட்டத்தின் 5-ஆம் பிரிவு, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் பிரதிநிதி என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. சாட்சிகளோடு கையெழுத்திட்டு மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். உயிர் காக்கும் அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. பிரதிநிதியாக யாரைப் போடுவது என்பதை அவரே சொல்லட்டும். அப்பா வேண்டாம், அக்கா இருக்கட்டும் என்றால் அக்காவே இருக்கட்டும். எழுதிய தாளில் ஒரு பிரதி மருத்துவரின் ஃபைலுக்கு, ஒன்று அக்காவிடம், ஒன்று அவருடைய பர்ஸில்.